வாய்தா வாங்கும் நிபிரு

2003 மே மாதம் உலகம் அழிந்திருக்க வேண்டும். நிபிரு என்ற பெருங்கோள் பூமியை உரசிச் செல்லும் என்று அமெரிக்காவின் நான்சி லீடர் 1995 முதலே சொல்லிவந்தார். வேற்றுக்கிரகவாசிகள் அவரிடம் சொன்ன சேதியாம். மே கழிந்தது, ஒன்றும் நடக்கவில்லை. வழக்கு 2012 டிசம்பர் 21க்கு வாய்தா போனது. பிறகு 2017 செப்டம்பர் 23.

தேதி பொய்த்ததாலேயே கோள் பொய் என்று தீர்ப்பெழுதுவது அவசரம். கோளையே எடுத்து எடைபோடுவோம்.

பெயரைப் பரப்பியது செக்கரியா சிட்சின் 1976இல் எழுதிய நூல். சூரியனை 3,600 ஆண்டுக்கு ஒருமுறை சுற்றும் கோளைச் சுமேரியர் அறிந்திருந்தார்கள் என்றார். அவர் காட்டிய முக்கியச் சான்று, பெர்லினில் உள்ள ஓர் உருளை முத்திரை: நடுவில் ஒரு விண்மீன், சுற்றிப் பதினொரு புள்ளிகள். அதில் பொறித்த எழுத்தில் வானியலே இல்லை, ஆட்பெயர்கள்தான். பாபிலோனிய ஏடுகளிலோ நிபிரு என்ற பெயர் மர்துக் தெய்வத்தின் விண்மீனுக்கு உரியது. பல இடங்களில் அது நம் வியாழன்தான்.

ஆப்புவைப்பது இயற்பியல். 3,600 ஆண்டுக்கொரு தடவை என்றால், 450 கோடி ஆண்டில் பன்னிரண்டு லட்சம் தடவைக்கு மேல் அது நம் தெருவழியே போயிருக்கும். அப்படியானால் பூமியின் பாதை இன்று இப்படி வட்டத்துக்கு நெருக்கமாக இருக்காது. நிலாவும் தங்கியிருக்குமா என்பது சந்தேகம். தவிர, வியாழன் அளவுள்ள கோள் சனியின் தூரத்துக்கு வந்தாலே வெறுங்கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். அங்கிருந்து இங்கே வர ஏறத்தாழ இரண்டு ஆண்டு. இரண்டு ஆண்டு இரவு வானத்தை எந்த அரசால் மூடி வைக்க முடியும்?

நம்புவோர் தரப்பில் கனமான வாதம் ஒன்றே. 2016இல் பாட்டிகின், பிரவுன் என்ற இரு வானியலாளர்களே ஒன்பதாம் கோள் இருக்கலாம் என்றார்களே? உண்மை. அது இன்னும் கண்ணில் படவில்லை. ஆனால் அவர்கள் கணக்கில் அது சூரியனை மிக நெருங்கும்போதும், பூமி இருக்கும் தூரத்தைப்போல் ஏறத்தாழ 200 மடங்கு தள்ளியே நிற்கிறது. காணாத கோள் இருக்கலாம் என்பது நியாயமான ஊகம். அது நம்மேல் விழப்போகிறது என்பதற்கோ துளி ஆதாரமும் இல்லை. இந்த வழக்கு தள்ளுபடிதான்.

இதோ நிபிரு என்று, இரண்டாவது சூரியன் தெரியும் செல்போன் படம் யாராவது அனுப்பினால், ஒரு தூணின் நிழலில் நின்று, சூரியன் மறையும்படி மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தே மறைந்துவிடும்.