செக்கும் சன்னதும்

'கப்பலோட்டிய தமிழன்' (1961) பற்றித் தூத்துக்குடியில் யாரிடம் பேச்செடுத்தாலும் முதலில் வருவது செக்குதான். "சிவாஜி செக்கிழுப்பாரே, அந்தப் படம்தானே?" ம.பொ.சி.யின் நூலை ஒட்டி பி.ஆர். பந்துலு எடுத்த இந்தப் படம், வ.உ.சி.யின் உடலைத் தியாகத்தின் காட்சியாக்குகிறது. வதைபடும் உடலைக் கும்பிட நமக்குத் தெரியும். பிழைப்புப் பறிக்கப்பட்ட மனுஷனை என்ன செய்வதென்றுதான் தெரியாது.

1912 டிசம்பரில் வெளியே வந்தவருக்குக் கப்பல் கம்பெனி இல்லை. வக்கீல் சன்னதும் இல்லை. சென்னையில் கடை வைத்துப் பார்த்தார். ஜேம்ஸ் ஆலனைத் தமிழாக்கினார். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையைப் பதிப்பித்தார். பறிபோன சன்னது திரும்பக் கிடைத்தது வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதியின் உதவியால். அந்த நன்றிக்கு மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். வெள்ளையன் - தேசபக்தன் என்ற எளிய எதிர்வுக்குள் இந்தப் பெயர் அடங்காது.

இந்த ஆண்டுகளைப் படம் அவசரமாகக் கடந்துவிடுகிறது. ஏன்? செக்கில் குற்றவாளி வெள்ளைக்காரன் மட்டும். கடையில் உட்கார்ந்திருக்கும் வ.உ.சி.யைக் காட்டினால், அவரைத் தனியே விட்ட நம்மையும் காட்டவேண்டி வரும். படத்தின் மௌனம் நமக்குத் தரும் சலுகை இது.

கம்யூனிஸ்ட் என்று ஹாலிவுட் விலக்கிவைத்த திரைக்கதாசிரியர் டால்டன் ட்ரம்போவைப் பற்றிய 'ட்ரம்போ' (2015) படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1950இல் அவர் சிறை போனார். ஆனால் ஜே ரோச்சின் கவனம் அதற்குப் பிந்தைய காலத்தில்தான். தட்டச்சுப் பொறிதான் அங்கே செக்கு. வேற்றுப் பெயர்களில் எழுதிப் பிழைக்கிறார். 1957இல் 'ராபர்ட் ரிச்' என்ற இல்லாத ஆளுக்கு ஆஸ்கார் அறிவிக்கிறார்கள். தண்டனை என்பது சிறையோடு முடிவதல்ல, அது தினசரி வாழ்க்கை என்பது இந்தப் படத்துக்குத் தெரிந்திருக்கிறது. 1960இல் 'ஸ்பார்ட்டகஸ்' படத்தில் பெயர் திரும்பி வந்ததை வெற்றியாக்கி முடிப்பது ஹாலிவுட்டின் வழக்கமான சமாதானம் என்பதும் உண்மைதான்.

வ.உ.சி.க்கு அந்தச் சமாதானமும் வாய்க்கவில்லை. ட்ரம்போவின் எழுத்து பெயரில்லாமல் உலாவியது. வ.உ.சி.யின் பெயரோ எழுத்தில்லாமல் உலாவுகிறது. 2011இல் துறைமுகத்துக்கே அவர் பெயரை வைத்தாயிற்று. அகவலில் தன் வாழ்க்கையைத் தானே எழுதிவைத்திருக்கிறார் அவர். துறைமுக வாசலைத் தாண்டிப் போகிற நம்மில் எத்தனை பேர் அதைப் பிரித்துப் பார்த்திருக்கிறோம்?