பாட்டியின் வடை யார் கணக்கில்?

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு வகுப்பில் சனிக்கிழமைகளில் கதை சொல்லப் போகிறேன். ஆறு வயதுப் பிள்ளைகள். போன மாதம் பாட்டி வடை சுட்ட கதை, திருத்திய வடிவம்தான்: நரி பாடச் சொல்கிறது, காக்கா வடையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு பாடுகிறது, நரி ஏமாந்து போகிறது. எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு பெண் மட்டும், "அப்ப பாட்டிக்கு வடைக்காசு யாரு குடுப்பா?" என்றாள். அவள் அம்மா சாயங்காலம் பஜ்ஜிக்கடை போடுகிறவர். என்னிடம் பதில் இல்லை.

ரூசோவுக்கு இந்தக் கேள்வி வந்திருக்காது. அவர் வாசித்த கதையில் பாட்டியே கிடையாது. 1668-இல் வந்த லா ஃபோந்தேனின் முதல் தொகுப்பில் காகத்தின் அலகில் இருப்பது பாலாடைக்கட்டி. அது யாருடையது என்று கதை கவலைப்படுவதில்லை. 1762-இல் 'எமீல்' நூலில் ரூசோ இந்தக் கதையை வரிவரியாகப் பிரித்துப்போட்டு, குழந்தைகளுக்கு இது ஆகாது என்றார். காகத்தைப் பார்த்துப் பிள்ளை திருந்தாது, நரியைத்தான் விரும்பும் என்பது அவர் வாதம்.

நம் திருத்திய வடிவம் அவருக்குப் பதில் சொல்வதுபோலத்தான் இருக்கிறது. நரி தோற்றுவிட்டதே! ஆனால் இப்போது ஜெயிப்பது திருடிய காக்கா. பழைய கதையில் அதற்குக் கிடைத்த சின்னத் தண்டனையும் போயிற்று. 'முகஸ்துதிக்கு மயங்காதே' என்பது 'எடுத்ததை விடாதே' என்று ஆகிவிட்டது. கைதட்டியது இதற்குத்தானா?

மறுகூறலைக் குற்றம் சொல்லவில்லை. லா ஃபோந்தேன் செய்ததே அதுதான். பஞ்சதந்திரத்தில் சிங்கத்தைக் கிணற்றில் விழவைக்கும் முயல் கதையைச் சொல்வது யார்? தமனகன் என்ற நரி. சிங்கராஜாவுக்கும் காளைக்கும் உள்ள நட்பைக் கெடுக்கத் திட்டம் போடும்போது, புத்தி இருந்தால் எதுவும் முடியும் என்று கரடகனுக்குக் காட்டச் சொல்கிறான். கடைசியில் காளை செத்துப்போகிறது. சிறுவர் பதிப்புகளில் தமனகனை வெட்டிவிட்டு முயலை மட்டும் வைத்துக்கொள்கிறோம். வெட்டுவது சரிதான், ஒண்ணாம் வகுப்புக்கு அரண்மனைச் சதி எதற்கு? வெட்டிய இடத்தில் 'நீதி' என்று ஒரு பெட்டி கட்டி ஒட்டுகிறோமே, அதுதான் எனக்கு ஒப்பவில்லை. பஞ்சதந்திரம் இளவரசர்களுக்குக் கற்றுத் தந்த நீதி, அரசாளும் தந்திரம். நாம் அதை நல்லொழுக்கம் என்று வாசிக்கிறோம்.

ரூசோவின் எமீல் ஆசிரியரோடு தனியாக இருப்பவன். வகுப்பில் முப்பது பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்குள் ஒத்துப்போகாது. அவர் தவறவிட்டது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை அதே கதையை, பாட்டி அடுப்பை அணைக்கும் இடத்தோடு நிறுத்தினேன். நீதி சொல்லவில்லை.

"காக்காவுக்கும் பசிக்குமில்ல மிஸ்?" என்றான் ஒரு பையன்.

"நரிக்குந்தான்" என்றான் பக்கத்தில் இருந்தவன்.

அந்தப் பெண் விடவில்லை. "பசிச்சா கேக்கணும். எங்கம்மா ரெண்டு குடுக்கும். ஆனா நோட்டுல எழுதி வெச்சுக்கும்."