பொம்மைத் தூதும் அயலானின் பிள்ளையும்

பிற நாட்டுப் பண்பாட்டைத் திருச்சபைச் சிறுவருக்கு எங்ஙனம் அறிமுகம் செய்வது என்னும் வினா கிறிஸ்தவக் கல்வியில் மீண்டும் மீண்டும் எழுவதாகும். வாலிபர் ஐக்கியத்தில் ஒரு மாலைப்பொழுதை ஜப்பானுக்கென ஒதுக்கி, காகிதக் கொக்கு மடித்து, கிமோனோ உடுத்திக் காட்டி, ஜெபத்துடன் முடித்துவிடுதல் எளிது. அதனால் விளையும் பயன் யாது? இம்முறையின் மிகப் பெரிய முன்மாதிரியாகிய 1927-ஆம் ஆண்டின் நட்புப் பொம்மைகள் முயற்சியைச் சீர்தூக்கிப் பார்ப்போமாயின் விடை புலப்படும்.

அம்முயற்சியின் மூலவர் சிட்னி கியூலிக். 1888 முதல் 1913 வரை ஜப்பானில் ஊழியம் செய்த அமெரிக்க மிஷனெரி. அமெரிக்கா 1924-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜப்பானியக் குடியேற்றத்தைத் தடுத்தது. ஜப்பானியரின் உரிமைக்காகப் பல்லாண்டுகள் வாதாடிய அவர், அதன்பின் பிள்ளைகளின்பால் திரும்பினார். அமெரிக்கத் திருச்சபைகளின் கூட்டமைப்பு துணை நின்றது. ஞாயிறு பள்ளிகளும் பிற பள்ளிகளும் 12,000-க்கு மேற்பட்ட பொம்மைகளைச் சேகரித்து, மார்ச் 3-இல் கொண்டாடப்படும் ஹினா மட்சுரி என்னும் பொம்மைத் திருவிழாவை ஒட்டி ஜப்பானுக்கு அனுப்பின. ஒவ்வொன்றும் கடவுச்சீட்டும் கடிதமும் ஏந்திச் சென்றது. ஜப்பானியப் பிள்ளைகள் காசு சேர்க்க, அவ்வாண்டிலேயே 58 அழகிய பொம்மைகள் அமெரிக்காவிற்குப் புறப்பட்டன.

இதன் சிறப்பை நாம் மறுப்பதற்கில்லை. பிறர் போற்றும் திருவிழாவிலிருந்தே உறவைத் தொடங்கியது நுண்ணறிவு. கொடுப்பதோடு நில்லாமல் பெற்றுக்கொள்ளவும் பிள்ளைகள் கற்றனர். மிஷனெரிக் கல்வியில் இது அரிதாய் வாய்ப்பது.

எனினும் ஒரு பெருங்குறை உண்டு. கடல் கடந்த ஜப்பானுக்குப் பொம்மை தைத்த அதே நாட்டில், ஜப்பானிலிருந்து குடியேறியவர் குடியுரிமை பெற இயலாதென 1922-இலேயே உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. பொம்மைக்குக் கடவுச்சீட்டு கிடைத்தது. மனிதனுக்குக் கதவு அடைபட்டது. தொலைவிலுள்ளவனை நேசிக்கக் கற்ற பிள்ளைக்கு, கலிபோர்னியாவில் அடுத்த வயலில் உழைத்தவனும் அயலானே என்று அந்தப் பொம்மையால் எடுத்துரைக்க இயலவில்லை. 1942-இல் ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சத்தார் முகாம்களுக்குப் பெயர்க்கப்பட்டனர். அவருள் பெரும்பான்மையோர் அமெரிக்காவில் பிறந்த குடிமக்கள். ஜப்பானிலோ 1943-இல் அப்பொம்மைகள் எதிரியின் உருவங்கள் எனப்பட்டு, பல எரிக்கப்பட்டன.

பொம்மை பேசாது, அதற்கு வரலாறும் இல்லை, மனச்சான்றும் இல்லை. ஆதலால் எவர் கையிலும் எப்பொருளும் பெற்றுவிடும். பண்பாட்டை உடையாகவும் விழாவாகவும் மட்டும் காட்டும் கல்விக்கும் இதே நிலைதான். ஜப்பானை அறியும் சிறுவன் உச்சிமுரா கான்சோவையும் அறிதல் வேண்டும். பேரரசரின் கல்விப் பிரகடனத்தின்முன் ஆழ்ந்து வணங்கத் தயங்கியதால் 1891-இல் ஆசிரியப் பணியை இழந்தவர் அவர். 1904-இல் தம் நாடு தொடுத்த போரையும் எதிர்த்தவர். கோபே நகரின் சேரியில் குடிபுகுந்த ககாவா தொயோஹிக்கோவையும் அறிதல் வேண்டும். தம் நாட்டை நேசித்து, அதனோடு வழக்காடவும் துணிந்த மனிதரைச் சந்திக்கும்போதே ஒரு பண்பாடு நமக்கு உயிருள்ளதாகிறது.

ஆயினும் நம் தீர்ப்பைத் தணிக்கும் சான்று ஒன்று உண்டு. ஜப்பானிய ஆசிரியர் சிலர் பழிக்கு அஞ்சாமல் அப்பொம்மைகளை ஒளித்துவைத்தனர். 300-க்கு மேற்பட்டவை இன்றும் எஞ்சியுள்ளன. பொம்மைகளால் போரைத் தடுக்க இயலவில்லை. ஆனால் சில உள்ளங்களில் வெறுப்புக்கு இடமில்லாமற் செய்தன. அது சிறிதன்று.

ஆகவே காகிதக் கொக்கை நாம் விலக்கவேண்டுவதில்லை. அதை மடித்த விரல்கள் அடுத்து யாருடைய கதவைத் தட்டப்போகின்றன என்பதையும் சேர்த்துக் கற்பிப்பதே ஆயரின் கடன். நல்ல சமாரியன் உவமை முதலில் கேட்கும் கேள்வியும் அதுவன்றோ!