வன்தட்டின் நற்சான்றை நம்பலாமா?

கணிப்பொறி இயங்கத் தொடங்க மறுக்கிறது. வன்தட்டின்மீது ஐயம் எழுகிறது. தட்டுத் தன்னைத்தானே சோதித்துத் தரும் 'ஸ்மார்ட்' அறிக்கையோ "குறையில்லை" என்கிறது. நம்பலாமா?

கூகிள் நிறுவனத்தின் பின்ஹெய்ரோ, வெபர், பரோசோ ஆகியோர் 2007-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இதை ஆராய்கிறது. ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட தட்டுகளைக் கவனித்தார்கள். பழுதானவற்றுள் 56 விழுக்காட்டிற்கு மேற்பட்டவை, முக்கியமான நான்கு எச்சரிக்கைக் குறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை! ஆனால், பரப்புச் சோதனையில் முதற்பிழை தோன்றிய தட்டு அடுத்த 60 நாட்களுக்குள் பழுதாகும் வாய்ப்பு, பிழையற்ற தட்டைப்போல் 39 மடங்கு. ஆகவே எச்சரிக்கையைப் புறக்கணிக்கலாகாது. எச்சரிக்கை இல்லாமையை நலத்திற்குச் சான்றாகவும் கொள்ளலாகாது.

இத்தனை தட்டுகளை ஆராய்ந்ததே கட்டுரையின் வலிமை. குறைகளும் உண்டு. எந்தத் தயாரிப்பு எவ்வளவு பழுதாயிற்று என்பதை அது மறைத்துவிடுகிறது. மேலும், ஆராய்ந்தவை நன்கு பராமரிக்கப்படும் கணிப்பொறிக் கூடங்களில் இருந்த தட்டுகள். நாள்தோறும் அணைத்து இயக்கும் வீட்டுக் கணிப்பொறிக்கு அந்த எண்களை அப்படியே பொருத்துவது சரியன்று.

எனினும் மாணவர்க்கு ஒரு பாடம் உண்டு. மின்னிணைப்பையும் கேபிளையும் மாற்றிப் பாருங்கள். வேறொரு கணிப்பொறியில் தட்டைப் படிக்க முடிந்தால், முதலில் ஆய்வேட்டைப் படியெடுங்கள், சோதனை பிறகு.