மர்ஹபா என்னும் சொல்லும் ஸூஸாக் கடற்கரையும்

ஒரு கொடுஞ்செயல் நிகழ்ந்த பின்னர் மக்கள் என்ன பேசினார்கள் என்று ஆராய்வது திறனாய்வின் எல்லைக்குள் அடங்குமா என நேயர்கள் வினவக்கூடும். அடங்கும் என்பதே நம் துணிபு. கவிஞன் இரவெல்லாம் விழித்திருந்து தேர்ந்தெடுத்த சொல்லை நாம் நிறுத்துப் பார்க்கின்றோம். துயர வேளையில் நம் வாயிலிருந்து தாமாகவே வந்து விழும் சொற்களை மட்டும் நிறுக்காமல் விடுவது எங்ஙனம் முறையாகும்?

நாம் எடுத்துக்கொண்ட செய்தி 2015ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் நிகழ்ந்தது. அன்று வெள்ளிக்கிழமை, ரமலான் மாதம். துனீசியாவின் கீழைக் கரையில் ஸூஸா என்னும் பழம்பெரும் துறைமுக நகர் உள்ளது. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் எழுந்த பெரிய பள்ளிவாசலும், அதற்கும் முந்திய ரிபாத் கோட்டையும் இன்றும் அங்கே நிற்கின்றன. அந்நகரை அடுத்த கடற்கரை விடுதி ஒன்றில் ஓய்வுக்காக வந்து தங்கியிருந்தவர்கள் மீது, நிழற்குடைக்குள் துப்பாக்கியை மறைத்துக் கொண்டுவந்த ஓர் இளைஞன் சுட்டான். 38 பேர் மாண்டனர். அவர்களுள் 30 பேர் பிரிட்டானியர். ஏனையோர் அயர்லாந்து, ஜெர்மனி, ரஷ்யா, பெல்ஜியம், போர்ச்சுகல் நாட்டினர். அதற்கு மூன்று திங்கள் முன்னர்தான், மார்ச் 18இல், தலைநகர் துனிஸின் பார்தோ அருங்காட்சியகத்தில் 22 பேர் கொல்லப்பட்டிருந்தனர். கடற்கரையில் சுட்டவனின் பெயரை நாம் இங்கே எழுதப் போவதில்லை. அவன் மணலில் துப்பாக்கியோடு நடந்து செல்லும் படத்தை உலகப் பத்திரிகைகள் வேண்டிய அளவு அச்சிட்டுவிட்டன. வயிற்றுப்பாட்டுக்காக அலைந்து உழைத்து, ஆண்டுக்கொருமுறை ஒரு வாரம் வெயிலில் அமர வந்த முதியவரின் முகத்தை மறந்துவிட்டு, கொன்றவனின் நடையை மட்டும் நினைவில் நிறுத்திய படம் அது.

ஆங்கிலப் பத்திரிகைகளைக் குறை கூறுவது எளிது. நம் கண்ணுக்கு நெருங்கியதைப் பார்ப்பதே கடினம்.

அன்றிரவு தராவீஹ் தொழுகை முடிந்து பள்ளிவாசல் முகப்புத் திண்ணையில் சிலர் அமர்ந்திருந்தோம். செய்தியை அறிந்தவர்கள் அறியாதவர்களுக்குச் சொன்னார்கள். முதலில் எழுந்த வாக்கியம், ‘இதைச் செய்தவன் முஸ்லிமே அல்லன்’ என்பது. இரண்டாவது, ‘ரமலானிலும் கடற்கரையில் அரைகுறை உடையோடு மதுவருந்திக் கொண்டிருந்தார்களாமே’ என்பது. மூன்றாவது, ‘இதே நாளில் குவைத்தில் பள்ளிவாசலில் 27 பேர் மாண்டார்களே, அதற்கு இவர்கள் அழுதார்களா?’ என்பது. நான்காவதாக ஒருவர், அவன் பொறியியல் பயின்ற கல்லூரி மாணவன் என்றும், மதரஸாவில் ஓதியவன் அல்லன் என்றும் சொன்னார். அந்த நான்காவது வாக்கியத்தைக் கேட்டு மகிழ்ந்தவர்களுள் நாமும் ஒருவர் என்பதை மறைக்காமல் எழுதிவிடுகின்றோம்.

இந்நான்கினுள் ஒன்றிலேனும் இறந்தவர் எவரையும் காணோம். நான்கும் நம்மைப் பற்றியே பேசின.

முதல் வாக்கியத்தைச் சொன்னவர் தூய உள்ளத்தினர், ஐயமில்லை. எனினும் ஒருவனை மார்க்கத்தை விட்டு வெளியேற்றும் தீர்ப்பை வழங்க நம் ஆலிம்கள் எத்தனை தயங்கினார்கள் என்பதை ஃபிக்ஹு ஓதியவர் அறிவர். கொலை பெரும்பாவம், பெரும்பாவம் செய்தவன் பாவியான முஸ்லிமே என்பது நாம் அகீதா நூலில் ஓதிய முதல் பாடங்களுள் ஒன்று. பிறரை இவ்வாறு வெளியேற்றியே கொலைஞர் கூட்டம் தன் வாளைக் கூர்மையாக்கிக் கொண்டது. அவர்கள் கையாண்ட அதே கருவியை நாம் நம் வசதிக்காக எடுத்துக்கொள்ளலாமோ? ‘அவன் எம்மவன்தான், எம் நூல்களுள் எதையும் படிக்காமல் எம் பெயரை எடுத்துக்கொண்டவன்’ என்று சொல்வது கசப்பாக இருக்கும். ஆயினும் அதுவே மெய்.

அவன் பயின்றது கைரவான் நகரில். மாலிக்கீ மத்ஹபின் பெருநூலாகிய முதவ்வனாவைத் தொகுத்த இமாம் ஸஹ்னூன் வாழ்ந்த ஊர் அது. அந்தத் தெருக்களில் நடந்த ஒரு மாணவன், அந்நூல்கள் ‘அமான்’ பற்றி என்ன சொல்கின்றன என்பதை அறியாமலே 23ஆம் வயதில் துப்பாக்கி ஏந்தினான். இதில் மதரஸாவுக்கு என்ன பெருமை? ஊரின் நடுவே விளக்கை ஏற்றி, அதைக் கூடைக்குள் கவிழ்த்து வைத்திருந்தோம் என்பதல்லவா பொருள்?

அமான் என்பது யாது? அயல்நாட்டினர் ஒருவர் நம் மண்ணில் காலெடுத்து வைக்கும்போது அவருக்கு அளிக்கப்படும் பாதுகாப்புறுதி. அதைப் பெற்றவர் முஸ்தஃமின் எனப்படுவார். அவருடைய உயிரும் பொருளும் தீண்டத்தகாதவை. அரசர்தாம் அவ்வுறுதியை வழங்கவேண்டும் என்பதில்லை. முஸ்லிம்களுள் மிகச் சாமானியரும் வழங்கலாம், வழங்கினால் சமுதாயம் முழுமையும் அதற்குக் கட்டுப்படும் என்பது நம் நூல்கள் ஒருமுகமாக ஏற்ற நெறி. மக்கா வெற்றியின்போது உம்மு ஹானி (ரலி) தம் கணவர்வழி உறவினர் இருவருக்கு அடைக்கலம் அளித்தார்கள். அவர்களைக் கொல்ல முற்பட்டவரோ அவர்களின் உடன்பிறந்தவரான அலி (ரலி) அவர்களே. வழக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் சென்றது. ஒரு பெண்மணி தம் இல்லத்தில் கொடுத்த வாக்குறுதியைப் பெருமானார் அவர்கள் அப்படியே நிலைநிறுத்தினார்கள். இக்காலத்தில் கடவுச்சீட்டில் பொறிக்கப்படும் நுழைவு அனுமதியே அமான் என்று தற்கால அறிஞர் பலர் விளக்கியுள்ளனர்.

இவ்விடத்தில் இரண்டாவது வாக்கியத்தை நிறுத்துப் பார்ப்போம். உடையைப் பற்றியும் மதுவைப் பற்றியும் பேசியவர் கொலையை நியாயப்படுத்தவில்லை. கேட்டால் துடித்துப் போயிருப்பார். ஆயினும் ‘ஆனால்’ என்றொரு சொல்லைத் துயரத்துக்குள் நுழைத்துவிட்டார். முஸ்தஃமினின் உயிருக்கு அவருடைய உடை ஒரு நிபந்தனை என்று எந்த நூலும் எழுதவில்லை. நம் தமிழும் இதற்குச் சிறிது உடந்தையாயிற்று. ‘உல்லாசப் பயணிகள்’ என்று நாம் எழுதிப் பழகிவிட்டோம். உல்லாசம் என்றவுடனே உழைக்காதவன், களியாட்டக்காரன் என்றொரு சாயல் ஒட்டிக்கொள்கின்றது. அரபு மொழியில் சுற்றுலாப் பயணியைக் குறிக்க இன்று வழங்கும் சொல் ‘ஸாஇஹ்’. அச்சொல்லின் பன்மை திருமறையின் தவ்பா அத்தியாயத்தில் இறைநம்பிக்கையாளரைப் புகழும் அடைமொழிகளுள் ஒன்றாக வருகின்றது. நோன்பு நோற்பவர் என்று விரிவுரையாளர் பலர் அதற்குப் பொருள் உரைத்துள்ளனர். நோன்புக் காலத்து வெள்ளியன்று கடற்கரையில் மாண்டவர்களுக்கும், அன்று நோன்பிருந்த நமக்கும் அரபு ஒரே சொல்லை வைத்திருக்கின்றது. இது தற்செயலாகவே இருக்கட்டும். நம் நாவைச் சற்றுக் கட்டுவதற்கு இது போதும்.

மூன்றாவது வாக்கியத்தில் நியாயம் உண்டு. குவைத் இமாம் ஸாதிக் பள்ளியில் ஜும்ஆத் தொழுகையில் நின்ற ஷியா மக்கள் 27 பேர் அன்று குண்டுக்கு இரையானார்கள். உலகம் அவர்களுக்காகச் செலவிட்ட மைத்துளிகள் குறைவே. ஆனால் அதை எடுத்துச் சொன்ன நண்பர், அதற்கு முந்திய நாள்வரை ஷியா மக்களைப் பற்றி நல்ல வார்த்தை ஒன்று சொல்லி நாம் கேட்டதில்லை! ஸூஸாவுக்கு விடை சொல்லவே குவைத் அவருக்குத் தேவைப்பட்டது. ஒரு பிணத்தைக் காட்டி மற்றொரு பிணத்தை மறைக்கும் இவ்வழக்கத்தைக் குவைத் மக்களே பின்பற்றவில்லை. அடுத்த வெள்ளியன்று, ஜூலை 3இல், ஸுன்னத் ஜமாஅத்தினரும் ஷியாக்களும் அங்குள்ள பெரிய பள்ளிவாசலில் ஒருங்கே தொழுதனர். அதே நாள் நண்பகலில் பிரிட்டன் முழுவதும் ஒரு நிமிடம் மௌனம் காத்தது.

அரசுகளின் எதிர்வினையைச் சுருக்கமாகச் சொல்லி அகல்வோம். துனீசிய அரசு தன் கட்டுப்பாட்டில் இல்லாத ஏறத்தாழ 80 பள்ளிவாசல்களை மூடப்போவதாக அறிவித்தது. பிரிட்டன் இரு வாரங்களுக்குள் தன் மக்களைத் துனீசியாவுக்குச் செல்ல வேண்டாம் என்று அறிவுறுத்தி, 2017 ஜூலையில்தான் அதைத் தளர்த்தியது. இடைப்பட்ட ஈராண்டுகளில் அடுப்பெரியாமல் போனவை ஓட்டல் பணியாளர் வீடுகள்.

அப்பணியாளர்களைப் பற்றித்தான் நாம் விரிவாக எழுத விரும்புகின்றோம். துப்பாக்கிக்காரன் கடற்கரை வழியே முன்னேறியபோது, அவர்களுள் சிலர் வெறுங்கையோடு கைகோத்து வரிசையாக நின்று, விருந்தினரை அடைய வேண்டுமானால் தங்களைக் கடந்துதான் செல்லவேண்டும் என்று தடுத்ததாகப் பிழைத்து வந்த பயணிகள் சான்று பகர்ந்தனர். கட்டடத் தொழிலாளி ஒருவர் கூரையின் மேலிருந்து ஓடுகளை அவன்மீது எறிந்தார். படைக்கலம் ஏந்திய காவலரின் வருகை வேண்டுமென்றே தாமதிக்கப்பட்டதாகப் பிரிட்டானிய மரண விசாரணை நீதிபதி 2017இல் கடுமையாகக் கண்டித்ததையும் இதனோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். அமானை வழங்கிய அரசு வரவில்லை. தட்டு ஏந்திய பையன்கள் அதை நிறைவேற்றினார்கள். அவர்கள் ஃபிக்ஹு நூலை விரித்தவர்களாக இருந்திருக்க மாட்டார்கள். உம்மு ஹானி அவர்களின் வழக்கை அவர்களுக்கு எவரும் ஓதிக் காட்டியிருக்கவும் மாட்டார்கள்.

அந்த விடுதியின் பெயரில் ‘மர்ஹபா’ என்ற சொல் இருந்தது. மவ்லிது சபைகளில் நாம் எழுந்து நின்று உரைக்கும் அதே சொல். அதன் மூலம் ரா, ஹா, பா என்னும் மூன்றெழுத்து. அகலம், விசாலம் என்று பொருள். ‘உமக்கு இங்கே இடம் உண்டு’ என்பதே மர்ஹபா. இன்றைய அரபுப் பத்திரிகைகள் பயங்கரவாதத்தை ‘இர்ஹாப்’ என்கின்றன. அதன் மூலமும் ரா, ஹா, பா. அதன் பொருள் அச்சம். இறைவனை அஞ்சி ஒதுங்கும் துறவியை ராஹிப் என்பதும் இம்மூலத்திலிருந்தே. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். அரபியில் நடுவெழுத்து வேறு. முன்னது தொண்டையின் நடுவிலிருந்து எழும் ஹா. பின்னது தொண்டையின் அடியிலிருந்து எழும் ஹா. தஜ்வீது வகுப்பில் இவ்விரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரியாத பிள்ளையை நாம் மீண்டும் மீண்டும் சொல்லச் செய்வோம்.

ஸூஸா தொலைவில் இருந்தது. ஆதலால் நம் நான்கு வாக்கியங்களும் நமக்கு எளிதாகவே கிடைத்தன. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று இலங்கையில் தேவாலயங்களிலும் கொழும்பு விடுதிகளிலும் 250க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டபோது, கொன்றவர்கள் நம் மொழியைப் பேசியவர்களாக இருந்தார்கள். அவர்களின் தலைவனைப் பற்றி முன்னரே அதிகாரிகளிடம் முறையிட்டவர்கள் காத்தான்குடி முஸ்லிம்களே என்பதும் வெளிவந்தது. ‘அவன் முஸ்லிமே அல்லன்’ என்று நிகழ்ச்சிக்குப் பின் சொல்வதற்கும், ‘இவன் எம்மிடையே இருக்கின்றான், கவனியுங்கள்’ என்று நிகழ்ச்சிக்கு முன் சொல்வதற்கும் உள்ள தூரத்தை அவர்கள் நடந்து காட்டினார்கள். அந்த ஆண்டுதான் நம் திண்ணைப் பேச்சு நமக்கு உறுத்தத் தொடங்கிற்று.

அந்த ரமலானில் நிகழ்ந்த இன்னொன்றையும் சொல்லவேண்டும். நம்மிடம் ஓதிய மாணவன் ஒருவனின் தாயார், செய்தி வந்த மறுநாள் கதவோரம் நின்று நம்மிடம் வினவினார்: ‘ஹஜ்ரத், அங்கே செத்துப் போனவர்களுக்காக நாம் துஆ கேட்கலாமா?’ அவர் மகன் வளைகுடா நாட்டு ஓட்டல் ஒன்றில் பரிமாறும் வேலையில் இருந்தான். நாமோ வினாவைக் கேட்டோமே தவிர, வினவியவரைக் கேட்கவில்லை. மாற்றுச் சமயத்தவருக்குப் பாவமன்னிப்புக் கோருவது பற்றிய சட்டத்தை நெடுநேரம் விளக்கினோம். அவர் ‘சரி, ஹஜ்ரத்’ என்று உள்ளே போய்விட்டார். இறந்தவர் மாற்றுச் சமயத்தவராயினும் அவருடைய குடும்பத்தாருக்கு ஆறுதல் கூறலாம் என்பதும், உயிரோடிருப்போரின் நலத்துக்காக இறைஞ்சலாம் என்பதும் அதே நூல்களில்தாம் உள்ளன. அந்தப் பக்கத்தை நாம் அன்று திருப்பவில்லை.

ஈஸ்டர் நிகழ்ச்சிக்குப் பின்னர் ஒருநாள் அவ்வீட்டுக்குச் சென்று, அன்று சொல்லாமல் விட்டதைச் சொன்னோம். அம்மையார் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, ‘அன்றிரவே கேட்டுவிட்டேன், ஹஜ்ரத்’ என்றார். ‘செத்தவர்களுடைய பிள்ளைகளுக்காகவும் கேட்டேன். கைகோத்து நின்றார்களே, அந்தப் பையன்களுக்காகவும் கேட்டேன். அப்படி ஒரு வேளை வந்தால் என் பிள்ளையும் ஓடாமல் நிற்க வேண்டும், நின்றாலும் திரும்பி வரவேண்டும் என்றும் கேட்டேன்.’