கிசுமுவில் கிண்டிய களி

கென்யாவுக்குப் போய்விட்டு வந்தவன் சிங்கத்தை விட்டுவிட்டுக் களியைப் பற்றியே பேசுகிறானே என்று வீட்டில் ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டார்கள். சிரிக்கட்டும். உகாலி! பேரைச் சொன்னாலே என் விரல்கள் தன்னால் உருட்ட ஆரம்பித்துவிடுகின்றன.

கிசுமு நகரத்தை ஒட்டி டுங்கா என்று ஒரு மீன்பிடிக் கரை. எதிரே விக்டோரியா ஏரி. ஏரி என்று பேர்தான், பரப்பு கிட்டத்தட்ட தமிழ்நாட்டில் பாதி, அக்கரை கண்ணுக்கே எட்டாது. தகரக் கூரை போட்ட கடை, கரி அடுப்பு, அதன்மேல் 'சுஃபூரியா' என்கிற கைப்பிடியில்லாத அலுமினியச் சட்டி. கடைக்கார அம்மாவை எல்லோரும் 'மாமா, மாமா' என்றார்கள். அங்கே மாமா என்றால் அம்மாவாம். நான் அரை நாள் மாமாவைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அவர் கொதிக்கிற தண்ணீரில் வெள்ளை மக்காச்சோள மாவைக் கைப்பிடி கைப்பிடியாகத் தூவி, 'ம்விக்கோ' என்கிற தட்டை மரத்துடுப்பால் சட்டியின் ஓரத்தோடு அழுத்தி அழுத்திக் கிண்டுகிறார், மாவு இறுகி இறுகிப் புஸ்ஸென்று மூச்சு விடுகிறது, அடியில் லேசாகப் பிடிக்கிறபோது ஒரு வாசனை வருகிறது பாருங்கள், சோளக்கதிர் சுடுகிற அதே வாசனை, எனக்கு அங்கேயே எச்சில் ஊறிவிட்டது!

இப்போது நினைத்துப் பாருங்கள். ஜக்கிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிக் கையைக் கழுவிவிடுகிறார்கள். முன்னால் வெள்ளை வெளேரென்று கவிழ்த்த உகாலி, பக்கத்தில் தக்காளி வெங்காயக் குழம்பில் முழுசாகக் கிடக்கிற மீன், 1952-இல் நம் நாட்டுக்கு வந்து குடியேறிய ஜிலேபிக் கெண்டைக்குச் சொந்தக்கார மீன்தான் அது. அப்புறம் 'சுகுமா விக்கி' கீரை. பேருக்கு அர்த்தம் வாரத்தைத் தள்ளு, கையில் காசில்லாத நாளை ஓட்டுகிற கீரை. சுடச்சுடப் பிய்த்து, உள்ளங்கையில் உருட்டி, கட்டைவிரலால் ஒரு குழி அமுக்கி, அந்தக் குழியில் குழம்பை அள்ளி வாயில் போட்டால், ஐயோ! உப்பே போடமாட்டார்கள், தனியாகச் சாப்பிட்டால் கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும், அதனால் என்ன, குழம்புக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்!

அடுத்துப் பழுப்பு உகாலி வந்தது. ஒரு வாய்தான். எழுந்தே நின்றுவிட்டேன். கேழ்வரகு! தருமபுரிப் பக்கத்தில் எங்கள் ஆயா கிண்டுகிற அதே கேப்பைக் களி! இங்கே அதற்கு 'விம்பி' என்று பேர். மக்காச்சோளம் அமெரிக்காவிலிருந்து பின்னால் வந்த சரக்கு; விம்பியோ இந்த மண்ணுக்கே சொந்தம், எத்தியோப்பியா, உகாண்டா மேட்டு நிலத்தில் பிறந்து, ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடல் தாண்டி நம் பக்கம் வந்த தானியம். ஆயாவின் சட்டிக்கு ஊர் இதுதானா என்று தலைகால் புரியாமல் "களி! களி!" என்று கத்திவிட்டேன். மாமா பதறிப்போய்த் தண்ணீர் டம்ளரை நீட்டினார். சுவாகிலியில் 'கலி' என்றால் காரமாம்.

சட்டியில் ஒட்டிய காந்தலுக்கு 'உகோகோ' என்று பேர். அதற்கு மாமாவின் பேரன் காத்திருந்தான், 48 வயசில் நானும் காத்திருந்தேன். மாமா ம்விக்கோவால் சுரண்டி ஆளுக்குப் பாதி கொடுத்தார். என் பாதி கொஞ்சம் பெரிசு.