ஒரு பிரேக் கணக்கின் நயம்

நான்காம் படிவ இயற்பியலில் நேர்கோட்டு இயக்கம் வந்துவிட்டால், ஜொகூரின் ஸ்கூடாய் வீடுகளில் மாலையானதும் நோட்டுக்குள் கார் ஓடத் தொடங்கிவிடும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வந்த கார், பிரேக் பிடித்ததும் சீராக வேகம் குறைந்து 5 வினாடியில் நிற்கிறது. எவ்வளவு தூரம் ஓடியிருக்கும்? கேள்வி மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். வீட்டில் விளக்கம் தமிழில் நடக்கும்.

முதலில் அந்த 90-ஐப் பாருங்கள். வினாடிக்கு மீட்டராக்க 3.6-ஆல் வகுத்தால் பிசிறில்லாமல் 25. கணக்கு எழுதுகிறவர்கள் விரும்பி எடுக்கிற 36, 54, 72, 108 எல்லாமே 18-இன் மடங்குகள். பிள்ளையின் கவனம் தசமத்தில் சிதறக்கூடாதே என்று யாரோ முன்கூட்டியே யோசித்திருக்கிறார். ஸ்கூடாய் டோலைத் தாண்டி வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஏறினால் பலகை காட்டும் 110-க்கு அந்தத் தயவு கிடையாது. 30.555 என்று இழுத்துக்கொண்டே போகும்.

அடுத்து முடுக்கம்: பூஜ்யத்தில் 25-ஐக் கழித்து 5-ஆல் வகுத்தால் −5. முன்னால் நிற்கும் அந்தச் சின்னக் கோட்டை விட்டுவிட்டால் கார் நிற்காது; 5 வினாடியில் மணிக்கு 180-ஐத் தொட்டுவிடும்!

எனக்கு மிகவும் பிடித்தது வரைபடம்தான். 25-இல் தொடங்கி, 5-ஆவது வினாடியில் அடிக்கோட்டைத் தொடும் ஒரு சாய்கோடு. கீழே அடைபடும் முக்கோணத்தின் பரப்பு 62.5. விடையும் அதுவே, 62.5 மீட்டர். பரப்பு எப்படித் தூரமாகும் என்று பிள்ளை கேட்டால் அலகைக் காட்டுங்கள்: வினாடிக்கு இத்தனை மீட்டர் என்பதை வினாடியால் பெருக்கும்போது வினாடி அடிபட்டுப்போய் மீட்டர் மட்டும் மிஞ்சும். 14-ஆம் நூற்றாண்டிலேயே பிரான்சின் நிக்கோல் ஒரேம் இப்படிப் படம் போட்டு விளக்கியிருக்கிறார். காரும் இல்லாத, வினாடிமுள்ளும் இல்லாத காலம் அது.

இனி அதே பிரேக்கை 110-க்குப் போட்டுப் பாருங்கள். வினாடிக்கு மீட்டராக்கிய வேகத்தின் வர்க்கத்தை, முடுக்க அளவான 5-இன் இருமடங்கு 10-ஆல் வகுத்தால் 93 மீட்டர். வேகம் கூடியது ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். தூரமோ ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. இதில் ஜொகூரின் சாயங்கால மழை சேரவில்லை. ஓட்டுநர் பிரேக்கில் கால் வைக்குமுன் கழியும் நேரமும் சேரவில்லை. அது ஒரு வினாடி என்றாலும் இன்னொரு 30 மீட்டர் போய்விடும்.